இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய்

எங்கள் தெருவில் ஏழரைக்குக் குழாயில் தண்ணீர் வரும், ஏழு ஐம்பதுக்குப் பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றிப்போக வேன் வரும், இரண்டுக்கும் நடுவே ஏழு நாற்பத்தொன்றுக்கு, போன ஆவணி மாதத்திலிருந்து, திரவியம் அண்ணாச்சியின் டிடிபி கடையில் என் கீபோர்டின் இடது பக்கத்துக் கீகள் யாரும் தொடாமல் தாமாக அமுங்கி எழும். இடது மூலையில் ஒரு கீ, அதற்குக் கீழ் வரிசையில் இன்னொரு கீ இரண்டு தடவை, பிறகு மறுபடி அந்த மூலைக் கீ. திரையில் ஆஇஇஆ என்று விழும். மூன்று நிமிடம் கழித்து இன்னொரு தடவை விழும். அதற்கும் இரண்டு நிமிடம் கழித்து மூன்றாவது தடவை. அவ்வளவுதான், மறுநாள் காலை வரை அந்தக் கீபோர்டு மற்ற கீபோர்டுகளைப் போலத்தான் இருக்கும், நானும் அதில் காலண்டருக்கு நல்ல நேரமும் ராகு காலமும் அடித்துக்கொண்டிருப்பேன்.

என் பெயர் சங்கரேஸ்வரி. எங்கள் வீட்டில் கல்லூரி வரை போனது நான் மட்டும். என்னைப் படிக்க வைத்தவள் என் அக்கா மாரீஸ்வரி, எட்டாவதோடு நின்று பட்டாசு ஆலையில் திரி வெட்டப் போனவள். போன ஆடி மாதம் அந்த ஆலையில் வெடித்த ஒரு கொட்டகையில் அவள் இருந்தாள். ஏழு பேர் போனார்கள். மூன்று பேரைத் துணி சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான்கு பேருக்கு உடல் என்று சொல்லிக் கொடுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த நான்கு பேரில் ஒருத்தி என் அக்கா.

கீபோர்டு வாங்கிய கதையை நான் நேராகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. கடையில் இருந்த பழைய கீபோர்டு மெத்து மெத்தென்று உள்ளே போகும், அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும், ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் அடித்தால் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இழுத்துப்பிடிக்கும். மாரி தேங்காய் எண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்துவிட்டு, நல்லதா ஒண்ணு வாங்கித் தொலையேன், கை போனா என்னத்த வச்சுப் படிச்சதக் காட்டுவ என்று திட்டுவாள். எனக்கு எதையும் உடனே வாங்க வராது. இரண்டு மாதம் பார்த்தேன். ஒவ்வொரு கீக்கும் அடியில் தனியாக ஒரு சுவிட்ச் வைத்த கீபோர்டுகளை, நமக்கு வேண்டிய பாகங்களை நாமே தேர்ந்து மாட்டிக்கொள்ளும் கீபோர்டுகளை, என் சம்பளத்துக்குள் அடங்குகிறவற்றை மட்டும் பார்த்தேன். நீல சுவிட்ச் சீனிவெடி மாதிரி சடசடக்கும், அண்ணாச்சி போனில் பேச முடியாது. சிவப்பு சுவிட்ச் வழுக்கிக்கொண்டு போகும், விரல் சும்மா பட்டாலே எழுத்து விழும், பயந்த கைக்கு ஆகாது. பழுப்பு சுவிட்ச் பாதி வழியில் ஒரு சின்ன மேடு காட்டும், எழுத்து விழுந்துவிட்டது என்று விரலுக்குச் சொல்லும், பிறகு சத்தமில்லாமல் எழும்.

அந்த ஆடி மாதக் காலையில் நான் மதுரைக்கு ஓர் அலுவலகத்தில் தட்டச்சுத் தேர்வு எழுத பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கையில் போன். ஒருவர் இந்த மூன்று சுவிட்சையும் வரிசையாகத் தட்டிக் காட்டும் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. பழுப்பின் முறை வரும்போது மாரி கூப்பிட்டாள். வீடியோ நின்றது. நான் சிவப்பு வட்டத்தைத் தள்ளிவிட்டு வீடியோவை முதலிலிருந்து ஓட்டினேன். மறுபடி கூப்பிட்டாள், மறுபடி தள்ளினேன். மூன்றாவது தடவையும். ஏழு நாற்பத்தொன்று, ஏழு நாற்பத்து நான்கு, ஏழு நாற்பத்தாறு. ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டில் இருக்கும் மரப்பெட்டியில் போட்டுவிட வேண்டும். அன்றைக்கு யாரோ இவளைத் தங்கள் வண்டியில் சீக்கிரமே கூட்டிப் போயிருந்தார்கள், போனைப் பெட்டியில் போடும் முன் கூப்பிட்டிருக்கிறாள். பதினோரு மணிக்குக் கொட்டகை போய்விட்டது. அன்று சாயங்காலம் அம்மா ஆஸ்பத்திரி வாசலில் என் தோளைப் பிடித்து, மாரி உனக்குப் போன் பண்ணாளா என்று கேட்டாள். பண்ணலம்மா என்றேன்.

பெரியவளான பிறகு நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அடுத்த மாதம் பழுப்பு சுவிட்ச் போட்ட கீபோர்டை வாங்கினேன். வாங்காமல் இருக்க முடியவில்லை. எண் பகுதி இல்லாத சின்ன பெட்டி, சாலிடர் வைக்காமல் சுவிட்சைப் பிடுங்கி மாற்றிக்கொள்ளும் பலகை, வியர்வையில் வழுவழுப்பாகாத தடித்த கீ மூடிகள். உள்ளே ஒரு பஞ்சு அட்டை வெட்டிப் போட்டேன், சத்தம் இன்னும் அடங்கியது. கடைக்குக் கொண்டுவந்து மாட்டிய மறுநாள் காலையில்தான் அது முதல் தடவை தட்டியது.

அண்ணாச்சி அப்போது சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுத் திரும்பி, பூவைக் கையில் வைத்துக்கொண்டே மூன்று தடவையும் பார்த்தார். உன் கீபோர்டு உனக்கு முன்னாடி வேலைக்கு வந்துருச்சே என்றார். நான் சுவிட்சில் கோளாறு என்று சொன்னேன். மறுநாள் ஏழரைக்கே அந்த இரண்டு கீயின் மூடியையும் கழற்றி, இடுக்கியால் சுவிட்ச் இரண்டையும் பிடுங்கி மேசையில் வைத்தேன். ஏழு நாற்பத்தொன்றுக்கு இரண்டு குழிகளும் சும்மா கிடந்தன, திரையில் ஆஇஇஆ விழுந்தது. அதற்கடுத்த நாள் அவற்றைத் திரும்ப மாட்டிவிட்டேன், காரணம் அதற்குள் தெருவில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள், கீ அமுங்குவதைப் பார்க்க முடியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்கள்.

இது என்ன எழுத்து என்று முதலில் கேட்டவள் பாக்கியத்தாய் மதினி. அவள் புருஷன் சுடலைமணியும் உடல் கிடைக்காத நான்கு பேரில் ஒருவர். நான் அவளுக்குத் தமிழ் கீபோர்டின் அமைப்பைச் சொன்னேன். இடது கையில் உயிரெழுத்து, வலது கையில் மெய்யெழுத்து. ஒன்றிரண்டு மெய் இடம் மாறி இந்தப் பக்கம் வந்திருக்கும், மற்றபடி பிரிவு அப்படித்தான். வலது கையால் ஒரு மெய், இடது கையால் ஓர் உயிர், இரண்டும் சேர்ந்தால்தான் ஓர் உயிர்மெய். ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். இப்போது வருவது இடது கை மட்டும்.

மதினி கீபோர்டின் இடது பக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பத்தாவது வரை படித்தவள். "உடம்பு இல்லாதவுக," என்றாள், "உயிர வச்சுத்தான தட்ட முடியும். மெய்க்கு எங்க போவாக."

குடத்தோடு நின்ற பெண்கள் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து மெய் கொண்டுவரும் வேலை உயிரோடு இருப்பவர்களுடையது ஆயிற்று. யார் வீட்டில் ஆள் போனதோ அவர்கள் தங்கள் மெய்யெழுத்துகளோடு வந்தார்கள். முதலில் வந்தது என் அம்மா. அம்மா பெயர் குருவம்மாள், எழுத்து தெரியாது, தீப்பெட்டி ஒட்டிய கை. அக்கா போனதிலிருந்து அம்மா காலையில் சாப்பிடுவதை விட்டிருந்தாள், மத்தியானமும் பேருக்குத்தான், சேலை தோளில் நிற்காத அளவுக்கு வற்றியிருந்தாள். ஆ, இ, இ, ஆ என்று நான் படித்ததும் அவள் யோசிக்கவே இல்லை. சாப்பிட்டியா என்றாள். நான் மனசுக்குள் அடித்துப் பார்த்தேன். சா-வில் ஆ. ப்பி-யில் இ. ட்டி-யில் இ. யா-வில் ஆ. சரியாகப் பொருந்தியது. மறுநாள் காலையிலிருந்து அம்மா தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்து, கீபோர்டுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, மூன்று தடவையும் கேட்டு முடிவதற்குள் குடித்து முடிப்பாள். மார்கழிக்குள் தோளில் சேலை நின்றது.

பாக்கியத்தாய் மதினிக்கு அது ஆறிடிச்சா என்று வந்தது. விபத்துக்கு முதல் நாள் அவள் கையில் எண்ணெய் கொட்டியிருந்தது, அன்றைக்கே புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையும் நடந்திருந்தது, ஆறியதா என்று கேட்பது கையையா கோபத்தையா என்று அவள் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நம்ம பக்கம் ஆறிருச்சான்னுதான சொல்லுவோம் என்று ஒருத்தி இழுத்தபோது மதினிக்கு முகம் சிவந்துவிட்டது. தன் புருஷன் நாலு வருஷம் மெட்ராசில் வேலை பார்த்தவர், அங்கேயிருந்து கொண்டுவந்த பேச்சு அது, ஊரே ஆறிருச்சு என்று சொன்னாலும் அவர் ஆறிடிச்சு என்றுதான் சொல்வார் என்றாள்.

செல்லத்துரை மாமாவுக்கு மாத்திட்டியா என்று வந்தது. அதே கொட்டகையில் போன அவர் மனைவி தங்கக்கனி கேஸ் அடுப்பின் பழைய ரப்பர் குழாயை மாற்றச் சொல்லி ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். புருஷனைப் போய் மாத்திட்டியான்னா கேப்பாக என்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வீட்டுக்குள் அவள் தன்னை வா போ என்றுதான் கூப்பிடுவாள், இத்தனை வருஷம் அதை வெளியே சொல்லாமல் வைத்திருந்தேன், செத்தும் மானத்தை வாங்குகிறாள் என்று மாமாவும் சிரித்தார். அன்றைக்கே குழாயை மாற்றினார். மறுநாளும் மாத்திட்டியா என்று வரவே குழம்பிப்போய்க் குளியலறை பல்பை மாற்றினார். அதற்கடுத்த நாள் கதவுத் தாழ்ப்பாள். தை பிறப்பதற்குள் அவர் வீட்டில் பழைய பொருள் ஒன்றும் மிச்சமில்லை, மாமா இன்னும் எதை மாற்றுவது என்று தெரியாமல் தன் வெற்றிலைப் பழக்கத்தை மாற்றினார்.

நான்காவது ஆள் ஒடிசாவிலிருந்து வந்தவர். அவருக்கு மெய் கொண்டுவர இங்கே யாரும் இல்லை. அவுக பாஷையிலயும் ஆ இருக்கும், இ இருக்கும், பொதுவா நினைச்சுக்குவோம் என்று மதினி சொல்லிவிட்டாள், மூன்றாவது தடவை தட்டும்போது எல்லோரும் அவருக்காக ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார்கள்.

தெரு இதைத் தண்ணீரைப் போல, வேனைப் போல எடுத்துக்கொண்டது. ஒருத்தி மூலைக் கீக்குக் குங்குமம் வைத்தாள், அண்ணாச்சி சுவிட்சுக்குள் தூள் போகும் என்று துடைத்துவிட்டு, பொட்டை வேண்டுமானால் மானிட்டருக்கு வையுங்கள் என்றார். தாலுகா அலுவலகத்திலிருந்து ஒரு கிளார்க் வந்தார். உடல் கிடைக்காத நான்கு பேரைக் காணவில்லை என்ற பட்டியலில் வைத்திருந்தார்கள். அவர் ஒரு காலை முழுக்க நின்று பார்த்து, காபி குடித்து, தட்டச்சுப் பிழை என்று ஒரே வரியில் அறிக்கை எழுதிக்கொண்டு போனார். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் வெடித்த நேரத்துக்கு வராமல் ஏழு நாற்பத்தொன்றுக்கு வருகிறது என்றும், ஏன் மூன்று தடவை என்றும் மட்டும் அவ்வப்போது பேச்சு வரும். கூட்டத்தில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நான் குனிந்து கீ மூடிகளைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

ஏனென்றால் எனக்கு அது வேறு மாதிரி வந்தது. வாங்கிட்டியா. வா-வில் ஆ, ங்கி-யில் இ, ட்டி-யில் இ, யா-வில் ஆ. தினமும் மூன்று தடவை, நான் போனைத் தள்ளிவிட்ட அதே மூன்று நேரங்களில். அவள் விரல்தான் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. தட்டச்சுப் பழகும்போது எங்களிடம் கணினி இல்லை, பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் கட்டம் போட்டுக் கீபோர்டு வரைந்து வைத்திருந்தேன். மாரி வேலையிலிருந்து வந்ததும் என் இடது பக்கம் வந்து உட்காருவாள். நீ மெய்ய அடி, நான் உயிர அடிக்கேன் என்பாள். ஒரு வார்த்தையை இரண்டு பேரும் சேர்ந்து அட்டையில் தட்டுவோம், அவள் சுண்டுவிரலில் திரி மருந்தின் சாம்பல் நிறம் போகாமல் இருக்கும், ஆ இருக்கும் மூலைக் கட்டம் அந்த நிறம் ஏறிக் கறுத்தே போனது. அவள் வலது பக்கத்தைக் கற்றுக்கொள்ளவே இல்லை.

நான் உண்மையைச் சொன்னால் அது என் போன் என்று ஆகிவிடும். மதினியின் ஆறிடிச்சா போய்விடும், மாமாவின் மாத்திட்டியா போய்விடும், ஒடிசாக்காரருக்கு இருந்த ஒரு நிமிடமும் போய்விடும். அம்மா கஞ்சி குடிப்பதை நிறுத்திவிடுவாள். இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் பதினோரு மாதம் பேசாமல் இருந்தேன். இதில் எவ்வளவு அவர்களுக்காக, எவ்வளவு எனக்காக என்று கேட்டால் எனக்கு இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

மறுபடி ஆடி வந்தது. முதலாண்டு நினைவுக்கு நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் போடுவது என்று முடிவானது. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் அவர்கள் கேட்கும் கேள்வியைப் போட வேண்டும் என்றாள் மதினி. அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்த ஒரு மத்தியானத்தில் நான் போஸ்டரை அமைத்தேன். ஆறிடிச்சா அடித்தேன். மாத்திட்டியா அடித்தேன். ஒடிசாக்காரர் படத்துக்குக் கீழே ஆஇஇஆ என்றே விட்டேன். அக்கா படத்துக்கு வந்தபோது அம்மா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். வலது கை ச-வின் மேல் இருந்தது. எத்தனையோ வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, எத்தனையோ வீட்டு இரங்கல், ஓர் எழுத்து தப்பாமல் அடித்த கை. அது அமுங்கவில்லை. காலையில் காற்றோடு போகிற பேச்சு வேறு. அச்சில் ஏறிச் சுவரில் ஒட்டப்போகிற எழுத்து வேறு.

திரும்பாமலே சொன்னேன். அவள் அன்றைக்கு மூன்று தடவை கூப்பிட்டாள், நான் ஒரு வீடியோ பார்ப்பதற்காக மூன்று தடவையும் எடுக்கவில்லை, நீ கேட்டபோது இல்லை என்று சொன்னேன், இது கூப்பிட்ட நேரம்தான், உனக்கு வருவது அல்ல, எனக்கு வருவது.

"தெரியும்," என்றாள் அம்மா.

கேட் பெட்டியில் இருந்த போனை விபத்துக்கு மூன்றாம் நாளே வாட்ச்மேன் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதில் பட்டம் வாங்கிய கறுப்பு அங்கியோடு என் படம் மூன்று தடவை வரிசையாக இருந்ததாம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாததால் பாக்கியத்தாய் மதினியிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். பேசின நேரம் சைபர், சைபர், சைபர் என்று மதினி வாசித்திருக்கிறாள்.

நான் அப்போதுதான் திரும்பினேன். "தெரிஞ்சுமா கஞ்சி குடிச்ச?"

"அவ எடுக்காத போனுல என்ன கேக்க நெனச்சாளோ, அது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எம்பிள்ள ஒரு வார்த்த கேக்கணும்னா எதக் கேப்பான்னு எனக்குத் தெரியும்." அம்மா திரையில் இருந்த அக்கா படத்தை விரலால் தொடப்போய், கை ஈரமாக இருப்பதைப் பார்த்து இழுத்துக்கொண்டாள். "கூப்புடுறவ கூப்புட்டுக்கிட்டே இருக்கா. நீ ஒக்காந்து தொடைச்சுக்கிட்டே இருக்க."

மறுநாள் காலை தண்ணீர் வந்தது. பெண்கள் குடத்தோடு வந்தார்கள், மாமா வந்தார், அம்மா தூக்குச்சட்டியோடு ஸ்டூலில் உட்கார்ந்தாள். மதினி வழக்கம்போல என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள், அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஏழு நாற்பத்தொன்று ஆனது. மூலைக் கீ அமுங்கியது. அடுத்தது இரண்டு தடவை. மறுபடி மூலைக் கீ.

நான் கீபோர்டின் மேல் குனிந்தேன். அத்தனை பேர் நடுவிலும் சத்தமாகத்தான் சொன்னேன்.

"சொல்லுக்கா."

ஏழு நாற்பத்து நான்கு ஆனது. கீகள் அசையவில்லை. அம்மா கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தாள். ஏழு நாற்பத்தாறும் வந்து போனது, திரையில் ஆஇஇஆ ஒரே ஒரு தடவை நின்றது, அதன் பக்கத்தில் கர்சர் கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் ஆள் எடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும்போது காதில் ஒரு நிறைவு கேட்குமே, கடை முழுக்க அது இருந்தது. வாங்கிட்டேன் என்றேன். பழுப்புதான் என்றேன். கை இப்போது வலிக்கவில்லை என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல், எல்லா போனிலும் கடைசியில் சொல்வதைப் போல, சரிக்கா என்று ஆரம்பித்தேன்.

தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. பின்னாலிருந்து மதினியின் கை, எண்ணெய்த் தழும்பு இருக்கும் கை, என் தோளை அழுத்திப் பிடித்தது.

"வச்சிராத புள்ள," என்றாள். "நானும் ஒரு வார்த்த பேசிக்கிறேன்."

நான் எழுந்து நாற்காலியை அவளுக்குக் கொடுத்தேன். அவளுக்குப் பின்னால் மாமா நின்றார். மாமாவுக்குப் பின்னால் குடங்களை இறக்கி வைத்துவிட்டு ஒவ்வொருவராக வந்து நின்றார்கள்.